கீரிமலைக் கேணி

காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலோரக் கீரிமலையில், எம் பாடசாலைச் சாரணருடன் அண்மையில் ஒரு வாரவிறுதியைப் பாசறையிற் கழித்தேன். மதிலுக்கு அப்பால் உவர்க்கடல், இப்பால் ஊற்றுக்கேணி. மூழ்கி எழுந்த மாணவனொருவன், "ஐயா, அடியிலே குளிர்ந்த நீர் சுரக்கிறதே, எங்கிருந்து வருகிறது?" என்று வினவினான்.

"உங்கள் கிணறுகளுக்கு ஊறும் அதே நிலத்தடி நீர்தான், தம்பி!" என்றேன். வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டில் மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து, கரையோரத்தில் ஊற்றாகிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரைத் தடுத்து நிற்கும். அளவின்றி இறைத்து அந்த ஓரடியை இழப்போமாயின், கிணற்றில் உவரேறும்.

அன்றிரவு பாத்திரம் துலக்கிய அம்மாணவன், இரண்டாம் வாளியை இறைக்கவில்லை.