அந்தச் சிரிப்பையும் அந்தச் சுவரையும்

(கோவில்பட்டியில் இளைஞர்களிடையே பேசியதன் சுருக்கம்)



ஓவியத்தைப் பற்றிப் பேசப் பொருத்தமான ஊர் கோவில்பட்டி. 1940களில் நாடகக் குழு ஒன்றோடு திரைச்சீலை வரைய வந்த கொண்டையராஜு இங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீடு வீடாகப் போயின. கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் குடிசைக்குள்ளும் அந்தச் சாமிகள் வந்தன. அது சின்ன விஷயமல்ல. ஆனால் சாமிக்குக் கிடைத்த முகம், காலண்டரை மாட்டிய மனிதருக்குக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில், 1943இல், சிகாகோவில் ஆர்ச்சிபால்ட் மோட்லி என்ற கறுப்பின ஓவியர் 'நைட்லைஃப்' என்றொரு படம் வரைந்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் பகுதியில் ஒரு மது விடுதி. கடிகாரம் இரவு ஒரு மணி காட்டுகிறது. சிவந்த வெளிச்சத்தில் ஆணும் பெண்ணும் தோள் இடிக்க ஆடுகிறார்கள், குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

1942இல் எட்வர்ட் ஹாப்பர் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' படத்திலும் நகரத்து இரவுதான். ஆனால் கடைக்குள் நாலே பேர். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

மோட்லியின் படத்தில் மட்டும் ஏன் இத்தனை நெரிசல்? தென் மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் வடக்கு நகரங்களுக்கு வந்தார்கள். கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம் என்று வெள்ளையர்கள் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அதை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் சொன்னது. அந்த நெரிசலுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. ஊர், சேரி என்று பிரித்த மண்ணில் பிறந்த நமக்கு இது விளங்காதா?

ஆனால் மோட்லி அழுகையை வரையவில்லை. ஒதுக்கப்பட்டவர்களைப் பரிதாபமாக மட்டுமே காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவரோ உழைத்து முடித்த உடம்பின் கொண்டாட்டத்தை வரைந்தார்.

கரிசல் காட்டின் இரவை யார் வரைவது? விடியும் முன்பே தீப்பெட்டி ஆலை வண்டிக்குக் காத்து நின்ற பெண்களும் குழந்தைகளும் எந்தக் காலண்டரில் இருக்கிறார்கள்? கிராமம் நமக்கு விடுதலை தராது என்றார் அண்ணல் அம்பேத்கர். திருப்பூருக்கும் சென்னைக்கும் இரவுப் பேருந்து ஏறுகிறோம். அங்கே கூட்டத்தில் தோள் உரச நிற்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. வாடகைக்கு வீடு தேடினால், "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார்கள்.

தூரிகை பிடிக்கும் தோழர்களே, அந்தச் சிரிப்பையும் அந்தச் சுவரையும் ஒரே படத்தில் வரையுங்கள்.