புக்கிட் தீமா சந்திப்பு: காக்கப்பட்ட நிலையமும் காக்க வேண்டிய சொற்களும்



'சந்திப்பு' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். மனிதர் ஒருவரையொருவர் காண்பது ஒன்று. இருப்புப்பாதைகள் கூடிப் பிரியும் நிலையம் மற்றொன்று. விழுப்புரம் சந்திப்பு, மதுரைச் சந்திப்பு எனத் தமிழகத்துப் பெயர்ப்பலகைகளில் நாம் காணும் இச்சொல்லுக்குப் பொருந்திய ஓரிடம் நம் தீவிலும் இருந்தது. அதுவே புக்கிட் தீமா நிலையம். பலகையில் 'சந்திப்பு' என்று எழுதப்படவில்லையாயினும், பணியால் அது சந்திப்பே.

சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அது உட்லண்ட்ஸை எட்டியது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் சென்றடையும் தண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கோயிலுக்கு அருகில்தான் நம் நாட்டின் முதல் இரயில் முனையம் அமைந்திருந்தது. 1923இல் ஜொகூர்க் கடற்பாலம் பயன்பாட்டுக்கு வந்தபின், படகில் ஏறி இறங்காமலே தீபகற்பத்துக்குச் செல்லும் வழி பிறந்தது.

1932இல் பாதை மாற்றி அமைக்கப்பட்டது. புதிய தடம் புக்கிட் தீமாப் பகுதியில் பழைய தடத்திலிருந்து விலகித் தஞ்சோங் பகார் நோக்கிச் சென்றது. டேங்க் ரோட்டு முனையம் மூடப்பட்டது. இன்று நாம் காணும் சிறிய செங்கல் நிலையம் அவ்வாண்டில் எழுந்ததே. 1960களின் நடுப்பகுதியில், ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல ஒரு கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்தது. கம்பத்துச் சூழலில் நின்ற சிற்றூர் நிலையம் அதனால் சந்திப்பாயிற்று. 1990களின் தொடக்கத்தில் அக்கிளைப்பாதை ஓய்ந்தது.

எனினும் இந்நிலையத்தின் தலையாய பணி வேறொன்று. தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே இருந்தது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றொன்று கடந்து செல்வதற்கான இரட்டைத் தடம் இங்கே இருந்தது. ஒரு தடப்பகுதிக்குள் ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் செல்லலாம். அதற்கு அடையாளமாக ஓட்டுநரிடம் ஒரு டோக்கன் இருத்தல் வேண்டும். தடப்பகுதியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டிருக்கும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. அந்த டோக்கனைப் பையிலிட்டு, வளையமொன்றில் கட்டி, நிலைய ஊழியர் நடைமேடையில் நின்று நீட்டுவார். வண்டி வேகம் தணிந்து வரும்போது பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றுக்கொள்வார்கள். கணினிகள் பெருகிய காலத்திலும், 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் வரை, இம்முறை இங்கே கைமாற்றாகவே நடந்தது.

மறுநாள் முதல் மலேசிய வண்டிகள் உட்லண்ட்ஸோடு நின்றன. தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. நிலையக் கட்டடமோ 2011இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2022 சூலையில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமைப் பாதையில் நடப்போர் இன்று அங்கே இளைப்பாறுகின்றனர். கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. நான் இன்று கேட்க விரும்பும் வினா இதுதான்: அப்பாதையில் உழைத்தவர்களின் சொற்களைக் காப்பவர் யார்?

மலாயா இரயில்வேயில் தண்டவாளம் பதித்தும் பேணியும் வாழ்ந்தோருள் தமிழர் பலர். குவீன்ஸ்வே அருகே தடத்தையொட்டிக் குடியிருந்த இரயில்வேத் தொழிலாளர்கள் 1930களில் முனியாண்டிக்கு ஒரு சிறு குடிலை எழுப்பினர். காமன்வெல்த் டிரைவில் இன்று ஓங்கி நிற்கும் முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுவே. தடம் போயிற்று, வழிபாடு நிலைத்தது. வழிபாட்டுக்கு ஆண்டுதோறும் கூடுவோர் இருந்தனர். சொற்களுக்கு அத்தகைய கூட்டம் அமையவில்லை.

இம்மண்ணின் தமிழில் சாலைக்குச் 'சடக்கு' என்றொரு பெயர் உண்டு. எழுத்தர் 'கிராணி', வேலையாட்களின் மேற்பார்வையாளர் 'மண்டோர்', தொழிலாளர் குடியிருப்பு 'லயம்', மலாய்ச் சிற்றூர் 'கம்பம்'. மலாயும் இந்தியும் ஆங்கிலமும் தமிழோடு உறவாடிப் பிறந்த சொற்கள் இவை. பாடநூலில் இவற்றுக்கு இடமில்லாதிருக்கலாம். ஆனால் இவை பிழைகள் அல்ல, வரலாற்றுச் சான்றுகள். 'கிராணி' என்ற ஒரு சொல்லைக் கேட்டால், தமிழ்த் தொழிலாளி அலுவலகத்தோடு எவ்வாறு தொடர்புகொண்டார் என்பது விளங்கும். செந்தமிழைக் கற்பிக்கும் வகுப்பறையிலேயே இச்சொற்களையும் மதிப்போடு அறிமுகப்படுத்தலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரைப் புக்கிட் தீமா நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கிங் ஆல்பர்ட் பார்க் பெருவிரைவு இரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். அங்கே எஞ்சியுள்ள தண்டவாளத்தையும் இரும்புப் பாலத்தையும் காட்டுங்கள். ஆனால் அத்துடன் பாடத்தை முடித்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம், இரயில் பயணத்தையும் வேலையையும் பற்றி அவர்கள் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். சொல், பொருள், அதைச் சொன்னவர் அதை எங்கே கேட்டார் என்னும் மூன்று குறிப்புகள் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. அதில் தமிழ் நேர்காணல்களும் உள்ளன. ஆயினும் ஒவ்வொரு வீட்டையும் ஓர் அமைப்பு சென்றடைய இயலாது. பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே அங்கிருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, டோக்கன் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கொடுப்பவர் நடைமேடையில் காத்திருந்தால் மட்டும் போதாது. வண்டியிலிருப்பவரும் கையை நீட்ட வேண்டும். உங்கள் வீட்டு முதியோர் பலர் கொடுக்கக் காத்திருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.