ஒளியை அளந்தறிதல்

படம் பிடித்தல் இன்று விரலசைவில் முடியும் வேலையாகிவிட்டது. எவ்வளவு ஒளி வேண்டும் என்பதைக் கருவியே தீர்மானித்துக் கொள்கிறது. அத்தீர்மானத்தை நம் கையில் எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்று சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

குப்பனூர் வழியாக ஏர்க்காட்டுக்கு ஏறும் பாதையை எண்ணிப் பாருங்கள். அடிவாரத்தில் கண் கூசும் வெயில். சிறிது மேலே மரநிழல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்களைப் போர்த்திய மூடுபனி. ஒரே பயணத்தில் ஒளி பலமுறை மாறுகிறது. காமிராவின் ஒளிமானியோ, தன் முன் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கணக்கிடும். ஆகவே வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதியும். ஒளிரும் வானத்தின்முன் நிற்கும் தோட்டத் தொழிலாளியின் முகம் கருநிழலாகிவிடும். வானம் பிழைத்தது, மனிதர் மறைந்தார்! அம்முகத்தை மீட்பது கருவியை ஆள்பவரின் அறிவேயாகும்.

அறிய வேண்டியவை மூன்று. குடத்தில் நீர் பிடிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயின் அகலம் போன்றது வில்லையின் துளை. குழாய் திறந்திருக்கும் நேரம் போன்றது ஷட்டரின் வேகம். குடத்தின் அளவு போன்றது ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன். உணர்திறன் மிகுந்தால் குடம் சிறிது, விரைவில் நிறையும். ஆனால் படத்தில் புள்ளிகள் மலியும்.

துளையை 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று குறிப்பர். எண் பெருகத் துளை சிறுக்கும். படிதோறும் ஒளி பாதியாகும். எண்கள் இரு மடங்காகாமல் 1.4 மடங்காக ஏறுவதேன்? வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4 அல்லவா? வகுப்பில் கற்ற கணிதம் இங்கே கைக்கு உதவுகிறது.

பளிச்சென்ற வெயிலுக்குப் பழைய விதி ஒன்று உண்டு. துளை 16, ஐ.எஸ்.ஓ. 100 எனில், ஷட்டர் விநாடியில் 125-இல் ஒரு பங்கு திறந்தால் போதும். வானம் மூடியிருந்தால் துளையை 8-க்குத் திறக்க வேண்டும். மூடுபனியில் ஒளிமானி காட்டுவதைவிட ஒரு படி கூட்டுக. முகமே முக்கியமெனில், அருகில் சென்று முகத்தின் ஒளியை அளந்து அமைத்துக்கொள்க.

1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரையிலும் தஞ்சையிலும் கோயில்களைப் படமெடுத்தார். மின் ஒளிமானி தோன்றாத காலம் அது. மெழுகிட்ட காகிதத்தில் உருவங்களைப் பதித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாய் இணைத்தார். தேர்ந்த கண்ணும் பொறுமையும் எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

நீங்களும் நாளையே தொடங்கலாம். ஒரு மரத்தைத் தேர்ந்து, துளையை 8-இல் நிறுத்தி, ஷட்டரை 500, 250, 125, 60, 30 என மாற்றி ஐந்து படங்கள் எடுங்கள். எது நன்றாக அமையும் என்பதை முன்பே குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பாருங்கள். சில வாரங்களில் ஒளியின் அளவு உங்கள் கண்ணுக்கே புலப்படத் தொடங்கும்.