ஈ பிடிக்கும் புழு

புழு இலையைத் தின்னும். குருவி புழுவைத் தின்னும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதில் சந்தேகமே இருக்காது. ஹவாய்த் தீவுகளின் மலைக்காட்டிலோ ஈயைப் பிடித்துத் தின்கிற புழு இருக்கிறது.

யூபிதீசியா என்ற அந்துப்பூச்சி வகை அது. உலகெங்கும் இதில் ஆயிரம் இனங்களுக்கு மேல் உண்டு. விளக்கடியில் வந்து உட்கார்ந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம், அவ்வளவு சின்னப் பூச்சி. புழு முதுகை வளைத்து வளைத்து நடக்கும். நம் ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு வேறு குடும்பம் என்றாலும், நடை ஏறக்குறைய அதே நடைதான். மற்ற நாடுகளில் இவை பூ, மகரந்தம், இலை என்று தின்று வளரும் சாதுக்கள். ஹவாயில் இவை வேட்டையாடுவதை 1972-இல் கண்டவர் ஸ்டீவன் மாண்ட்கமரி என்ற பூச்சியியலாளர்.

வேட்டையைக் கேளுங்கள். ஓர் அங்குலப் புழு. பின்கால்களால் இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு, அசையாமல் கிடக்கும். பச்சைப் புழு இலையோடு இலை. பழுப்புப் புழு குச்சியோடு குச்சி. தேடிப் போவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. வழியே போகிற ஈயின் கால் அதன் பின்பக்கத்து மயிரில் பட வேண்டும், அவ்வளவுதான். சட்டென்று உடம்பைப் பின்னால் வளைத்து, கூர்நகம் கொண்ட ஆறு முன்கால்களாலும் ஈயை அள்ளிவிடும். ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம்! பிறகு நிமிர்ந்து, பிடித்ததை நிதானமாக மென்று தின்னும்.

எப்படி வந்தது இந்தப் பழக்கம்? ஹவாய் நடுக்கடலில் எரிமலை கக்கி எழுந்த தீவுக்கூட்டம். கலிபோர்னியாவிலிருந்தே 3,800 கிலோமீட்டர் போல இருக்கும். கும்பிடுபூச்சி தானாக அங்கே போய்ச் சேரவே இல்லை, மனிதர் கொண்டுபோனதுதான். ஆக, பதுங்கிப் பிடிக்கும் வேலைக்கு ஆள் இல்லை. மகரந்தம் புரதம் மிகுந்தது. அதைத் தின்று பழகிய வயிற்றுக்கு இறைச்சி பெரிய மாற்றமாக இருந்திருக்காது. தொட்டால் வெடுக்கென்று திரும்புகிற தற்காப்புக் குணமே வேட்டைக்கு உதவியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

ஹவாயிலும் எல்லா இனமும் மாறிவிடவில்லை. மாண்டிகோலென்ஸ் என்ற இனம் இன்றும் ஓஹியா மரத்துப் பூவைத் தின்றுதான் பிழைக்கிறது.