அறளை பெயர்ந்ததா, மனம் சோர்ந்ததா?

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எங்களில் பலருக்கு எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய அம்மாவோ அம்மம்மாவோ மாமியோ ஊரில் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். அவருக்குக் கதை குறைந்து, சாப்பாடு குறைந்து, மறதியும் வந்தால், "வயது போனால் அப்படித்தான், அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த வசனத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இன்று வந்திருக்கிறேன்.

மூளையின் பகுதிகளை நீண்ட நரம்பு இழைகள் இணைக்கின்றன. ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதே, எந்தெந்தப் பகுதிகள் ஒன்றாக இயங்குகின்றன என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கானில் பார்க்கலாம். வயது ஏற ஏற, தூரத்துப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புத் தளர்கிறது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் சிறு இரத்தக் குழாய்களைப் பாதித்து அதை விரைவுபடுத்துகின்றன.

ஆனால் மனம் அதே வேகத்தில் தளர்வதில்லை. முதியவர்கள் பலர் இளையவர்களைவிட மன அமைதியோடு இருப்பதை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லோரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் காட்டின. இருக்கும் காலம் குறைவு என்று உணர்பவர், வீண் சச்சரவை விட்டு, நெருங்கிய சிலரோடும் நிறைவு தரும் காரியங்களோடும் நின்றுகொள்கிறார் என்பது அவருடைய விளக்கம். ஆகவே முதுமையில் துயரம்தான் இயல்பு என்பது பிழை. வாரக்கணக்காக நீங்காத துயரம் நோய். அதற்கு வைத்தியம் உண்டு.

எங்கள் முதியவர்கள் "கவலையாக இருக்கிறது" என்று சொல்வது குறைவு. "நெஞ்சு எரியுது, உடம்பு உளையுது, நித்திரை இல்லை" என்பார்கள். 1995 இடப்பெயர்வையும் இழப்புகளையும் சுமந்த தலைமுறை அது. போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். மூளைக்குள் இருக்கும் இணைப்பைப் போலவே மனிதருக்கிடையிலான இணைப்பும் அறுந்துபோகும்.

மனச்சோர்வு மறதிநோய் போலவே தோற்றமளிக்கலாம். மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். அதை உணராதவர், மறைப்பவர் பலர். மனச்சோர்வோ சில வாரங்களில் வந்துவிடலாம். அவரே "எனக்கு எல்லாம் மறக்குது" என்று முறைப்படுவார், விடியப்புறமே விழித்துக் கிடப்பார், சாப்பாட்டை வெறுப்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, காது கேளாமை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றைப் பரிசோதிக்காமல் அறளை என்று முடிவு கட்டக் கூடாது.

மறதிநோய் பற்றிய லான்செட் ஆணைக்குழு 2024 இல் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, உயர் இரத்த அழுத்தம் அவற்றுள் அடங்கும். 14 காரணிகளையும் நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணிப்பு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கிழமையில் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட, நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் கதையுங்கள். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதோடு வைத்துவிடாதீர்கள். ஒடியற் கூழுக்கு என்னென்ன போடுவது என்று கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். சில வேளை காதுக்குடுமியை எடுத்தாலே போதும். வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசை அனுப்பாதீர்கள். "கடவுள் என்னை எடுக்கிறாரில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதைப் பகிடியாக்காமல், "சாக வேண்டும் என்று நினைக்கிறீங்களா" என்று நேராகவே கேட்டு, தாமதிக்காமல் வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர்மாரும் மூத்த அக்காமாரும் இதே குடாநாட்டில் தனி வீடுகளில் இருக்கிறார்கள். இந்த நூறாவது ஆண்டில் அவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கும் ஒருவரின் பெயரையும் எழுதுவோம். முதல் பக்கத்தில் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.