உச்சவரம்புக்குள் ஒரு வெற்றிக் குழு

காற்பந்து என்றதும் இவ்வட்டார மக்களுக்கு மென்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும்தான் நினைவுக்கு வரும். இன்றைய பேச்சு அந்தக் காற்பந்தைப் பற்றியதல்ல. தலைக்கவசம் அணிந்து, நீள்உருண்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தைப் பற்றியது. ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அதன் கணக்குப் புத்தகம் புரிந்தால் போதும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது எளிதாகவே புரியும்.

இங்கிலாந்திலும் குழுக்களின் செலவுக்கு விதிகள் உண்டு. ஆனால், எல்லாக் குழுவுக்கும் ஒரே தொகைதான் என்ற கட்டு அங்கே கிடையாது. அமெரிக்காவின் தேசியக் காற்பந்து லீக்கில் அது உண்டு. 32 குழுக்களுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. லீக்கின் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு விளையாட்டாளர்களுக்கு என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதிலிருந்து இந்த வரம்பு கணக்கிடப்படுகிறது. 1994ஆம் ஆண்டில் தொடங்கியபோது 34.6 மில்லியன் அமெரிக்க டாலர். 2025இல் 279.2 மில்லியன். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும், இந்த வரம்பு முறைக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கொடுக்கும் ஊக்கத்தொகையை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்துக் கணக்கு எழுதலாம். 50 மில்லியனை இன்று கையில் கொடுத்துவிட்டு, ஆண்டுக்குப் பத்து மில்லியன் என்று எழுதிக்கொள்ளலாம். ஏறக்குறைய தவணைமுறைதான். ஆனால் அந்த விளையாட்டாளரை இரண்டே ஆண்டில் அனுப்பிவிட்டால், மீதமுள்ள 30 மில்லியனும் குழுவின் தலையில் விழும். ஆள் இருக்க மாட்டார், கடன் இருக்கும். டென்வர் பிராங்கோஸ் குழு 2022இல் ரசல் வில்சனுக்கு ஐந்து ஆண்டு நீட்டிப்பாக 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தந்தது. 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது 85 மில்லியன் டாலர் சுமை இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் குழுவின் கணக்கில் ஏறியது.

ஆகவே, ஆட்டமில்லாத மாதங்கள்தான் உண்மையான போட்டிக் காலம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது? இதற்கு நல்ல பாடம் கன்சஸ் சிட்டி சீஃப்ஸ் குழு.

2020 ஜூலையில் அந்தக் குழு தன் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்சுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 450 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தந்தது. அவர் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அவருக்கு முன்னால் ஐவர் மதில்போல் நின்று எதிரிகளைத் தடுக்க வேண்டும். 2021 பிப்ரவரி 7ஆம் தேதி, தம்பா பே பக்கனியர்ஸ் குழுவுக்கு எதிரான சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் அந்த மதில் சரிந்தது. மதிலின் இரு ஓரங்களிலும் நிற்க வேண்டிய எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷுவார்ட்சும் காயத்தால் ஆடவில்லை. எதிரிகள் மஹோம்சை 29 முறை நெருக்கினார்கள். சூப்பர் பவுல் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. முடிவு 31–9. 450 மில்லியன் டாலர் மனிதர் மைதானம் முழுதும் உயிருக்கு ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டில் வேறொரு சோதனையும் சேர்ந்தது. பெருந்தொற்றால் அரங்குகள் காலியாகக் கிடந்ததில் வருமானம் விழுந்து, உச்சவரம்பு 198.2 மில்லியனிலிருந்து 182.5 மில்லியனாகக் குறைந்தது. தேவை கூடிய நேரத்தில் பை சுருங்கியது.

மார்ச் 11ஆம் தேதி, ஃபிஷரையும் ஷுவார்ட்சையும் ஒரே நாளில் குழு விடுவித்தது. ஃபிஷர் சாதாரண ஆள் அல்லர். 2013ஆம் ஆண்டின் புதுமுகத் தேர்வில், நாடு முழுவதிலிருந்தும் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குழுவை இறுதியாட்டத்திற்குக் கொண்டு சென்ற ஜனவரி 24ஆம் தேதி ஆட்டத்தில்தான் அவருடைய குதிகால் நரம்பு அறுந்தது. 46 நாட்களில் வேலை போயிற்று. இதைக் கொடுமை என்று சொல்பவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரக்கத்திற்கென்று அதில் தனிப் பத்தி கிடையாது.

பிறகு நடந்த வேலையைப் பாருங்கள். ஜோ தூனிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 80 மில்லியன் டாலர். மஹோம்சின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியதில் பணம் கிடைத்தது. பால்டிமோரிலிருந்து ஒர்லாண்டோ பிரவுன் மாற்றி வாங்கப்பட்டார். புதுமுகத் தேர்வில் இரண்டாம் சுற்றில் கிரீட் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில், 226ஆவது ஆளாக, ட்ரே ஸ்மித். நுரையீரலில் இரத்தக்கட்டு வந்த வரலாறு இருந்ததால் மற்றக் குழுக்கள் ஸ்மித்தைத் தொடத் தயங்கின. புதுமுகங்களின் சம்பளம் தேர்வு வரிசைப்படி நான்கு ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆறாம் சுற்றில் வருகிறவர் அடிமட்டச் சம்பளக்காரர். 2021 பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஐந்து தடுப்பாளர்களில் ஒருவர்கூடப் பழைய இறுதியாட்டத்தில் ஆடியவர் இல்லை.

அடுத்த ஆண்டு வந்தது இன்னும் கடினமான கேள்வி. டைரீக் ஹில் லீக்கிலேயே வேகமான பந்துபிடிப்பாளர்களில் ஒருவர், இரசிகர்களின் செல்லப்பிள்ளை. 2022 மார்ச்சில் வேறொரு குழு தாவந்தே ஆடம்சுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 140 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டதும், சந்தை விலை ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. பயிற்றுநர் ஆண்டி ரீடும் பொது நிர்வாகி பிரெட் வீச்சும் ஹில்லை மயாமிக்கு அனுப்பிவிட்டு, ஐந்து தேர்வு வாய்ப்புகளைப் பெற்றுக்கொண்டார்கள். மயாமி அவருக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பாக 120 மில்லியன் டாலர் கொடுத்தது. இரசிகர்கள் கொதித்தார்கள்.

கிடைத்த வாய்ப்புகளைப் பயன்படுத்தி ட்ரெண்ட் மெக்டஃபி, ஸ்கை மூர் ஆகியோர் சேர்க்கப்பட்டனர். ஏழாம் சுற்றில், 251ஆவது ஆளாக, ஐசாயா பசெக்கோ வந்தார். ஹில் இல்லாத அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த குழு கன்சஸ் சிட்டிதான். 2023 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்சை 38–35 என்று வென்று கிண்ணம் தூக்கியது. அந்த ஆட்டத்தில் மூரும் பசெக்கோவும் ஆளுக்கொரு டச்டவுன் போட்டார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று. பருவம் முழுதும் எதிரணிக் குவாட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்தியிருந்த ஈகிள்ஸ், மஹோம்சை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. புது மதில் நின்றது.

ஹில் போனது வலிக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 பருவத்தில் கன்சஸ் சிட்டியின் பந்துபிடிப்பாளர்கள் பந்தைப் பலமுறை கைநழுவவிட்டனர். மயாமியில் ஹில்லோ 1,799 யார்டு எடுத்து லீக்கில் முதலிடம் பெற்றார். ஆனால் 2024 ஜனவரியில், உறைய வைக்கும் கழித்தல் 20 பாகை குளிரில் அவர் கன்சஸ் சிட்டிக்கே திரும்பி வந்து 26–7 என்று தோற்றார். அடுத்த மாதம் பழைய குழு மீண்டும் கிண்ணத்தை வென்றது.

மலிவாக வந்தவர்கள் மலிவாகவே இருக்கமாட்டார்கள். இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் முள் அதுதான். மதிலின் இடது ஓரத்தைக் காத்த பிரவுன் 2023இல் சின்சினாட்டிக்குப் போய்விட்டார். வலக்கையால் எறிபவருக்குக் கண் படாத பக்கம் அது. 2024 பருவத்தில் மூவரை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில், உட்பக்கம் நிற்க வேண்டிய தூனியையே ஓரத்துக்கு நகர்த்தினார்கள். 2025 பிப்ரவரி இறுதியாட்டத்தில் ஈகிள்ஸ் மஹோம்சை ஆறுமுறை வீழ்த்தி, 40–22 என்று பழி தீர்த்துக்கொண்டது.

ஹம்ஃப்ரிக்கு 2024 ஆகஸ்டில் நான்கு ஆண்டு நீட்டிப்பாக 72 மில்லியன் டாலர் கொடுத்தாகிவிட்டது. 2025இல் ஸ்மித்தின் முறை. 226ஆவது ஆளாக வந்தவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 94 மில்லியன் டாலர். இருவரையும் வைத்துக்கொண்டு தூனிக்கும் கொடுக்க உச்சவரம்பில் இடமில்லை. நான்கு ஆண்டுகள் மதிலின் நடுவே நின்ற தூனி, ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காக சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். இடது ஓரத்திற்கு 2025 புதுமுகத் தேர்வின் முதல் சுற்றுக் கடைசியில், 32ஆவது ஆளாக, ஜோஷ் சிமன்சை எடுத்தார்கள். கல்லூரியில் ஆடியபோது அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காயம் இல்லாதிருந்தால், அவர் அவ்வளவு பின்னால், அவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கமாட்டார்.