கடை வாசற்படி

எங்கள் ஊர்ச் சந்தியிலே ஒரு பலசரக்குக் கடை உண்டு. போர்க்காலத்தில் இரு கால்களையும் இழந்த என் பழைய மாணவர் ஒருவர் வாரத்தில் இரு முறை சக்கர நாற்காலியில் அங்கு வருவார். வந்து தெருவிலேயே நிற்பார். கடைக்கு முன்னால் இரண்டு படிகள். முதலாளி உள்ளேயிருந்து, "தம்பிக்கு என்ன வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்பார், கடைப் பையன் சாமான்களைக் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு நாள் அந்த மாணவர் என்னிடம் கூறினார்: "சேர், பத்து வருஷமா இங்கதான் சாமான் வாங்கிறன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

நேயர்களே, கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துச் சூத்தையை விலக்குவதும், விலை கேட்டுவிட்டு வேண்டாமென்று திரும்பி வருவதும் நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. தெருவில் நிற்பவருக்கோ கையில் வந்ததே கத்தரிக்காய். கடன் சொல்வதானாலும் அவர் ஊரறியச் சொல்லவேண்டும்.

இந்நாட்டில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் நிறைவேறியது. பொது இடங்களுக்குள் அவர்கள் சென்றுவர வசதி செய்யவேண்டுமென்னும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. ஆயினும் சந்திக் கடையின் படியைச் சட்டம் தானாக வந்து இடித்துவிடாது. அப்படிகளும் காரணமின்றிக் கட்டப்பட்டவையல்ல. மாரி வெள்ளம் அரிசி மூட்டைக்குள் புகாதிருக்கவே நம்மவர் கடைத்தளத்தை உயர்த்தினர்.

சாய்தளம் அமைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. மூன்றடிப் பலகையொன்றைச் சாய்த்துவிட்டால் போதுமென்று சிலர் எண்ணுகின்றனர். அதில் ஏறும் நாற்காலி பின்புறமாகக் கவிழக்கூடும். பின்னே ஒருவர் பிடித்தேயாக வேண்டும். ஏறிய பின்னரும் மூன்றடி அகல வழி வேண்டும். அந்த வழியில்தான் நம் கடைக்காரர் வெங்காய மூட்டையையும் சோடாப் பெட்டிகளையும் அடுக்கி வைக்கின்றனர்!

கண்பார்வையற்றவருக்குப் படி பெருந்தடையன்று. மிச்சப் பணமே தடை. 2011 இல் வெளியான நாணயத்தாள்கள் பெறுமதிக்கேற்ப நீளத்தில் வேறுபடுவன. விரலால் தடவி அறியும் குறிகளும் உள்ளன. ஆயினும் கசங்கிய தாளில் விரல் ஏமாறும். ஒவ்வொரு தாளையும் அதன் பெறுமதியை வாயாற் சொல்லிக் கையில் வைப்பதற்குச் சல்லிக்காசும் செலவில்லை. செவிப்புலனற்றவருக்கு முகம் பார்த்துப் பேசி, மொத்தத் தொகையை ஒரு துண்டில் எழுதிக் காட்டினாற் போதும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலை அந்த முதலாளியிடம் விளக்கினேன். சற்று உபதேசமாகவே விளக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஐயா, உங்கட கந்தோருக்கு எத்தனை படி?" என்றார். நான் எண்ணிப் பார்த்ததில்லை. மறுநாள் எண்ணினேன், நான்கு. ஊன்றுகோலுடன் வரும் தந்தையொருவர் தம் மகளின் அறிக்கையை ஒவ்வொரு தவணையும் மாமரத்தடியில் நின்றே பெற்றுச் சென்றது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. காற்றுக்காக நிற்கிறார் என்றல்லவா எண்ணியிருந்தேன்!

கடையின் முன்புறத்தில் வாய்க்காலும் தெருவும் இருந்தமையால் சாய்தளத்திற்கு அங்கே இடமில்லை. பக்கச் சுவரோரமாக வெற்றுப் பெட்டிகள் கிடந்த இடத்தில் பன்னிரண்டடி கிடைத்தது. மூட்டை இறக்கும் பக்கக் கதவு அதற்கு வாசலாயிற்று. இப்போது மூட்டைகளையும் அவ்வழியே தள்ளுவண்டியில் உருட்டி ஏற்றுகின்றனர். முதலாளிக்கு அதில் தனி மகிழ்ச்சி. அதே மேசனாரைக் கொண்டே பாடசாலை வேலையையும் தொடக்கினோம். நான்கு படிக்கு இருபத்துநான்கு அடி. இடையில் ஒரு திருப்பம் வைக்க நேர்ந்தது.

சீமெந்து காய்ந்த பின் என் மாணவர் முதன்முறையாகக் கடைக்குள் சென்றார். ஏறக்குறைய அரைமணி நேரம் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் இரண்டு முறை வந்து என்ன வேண்டுமென்று கேட்டான். "பொறு தம்பி, பாக்கிறன்" என்றார். அன்று அவர் வாங்கியது ஒரு சவர்க்காரக் கட்டி மாத்திரமே.